இரண்டாம் பாடவேளையும் என் வயிறும்

ஒன்பதாம் வகுப்புக்குச் செரிமான மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடல் வரை வரைந்தாகிவிட்டது. பெருங்குடலை வரையத் தொடங்கியபோது அடிவயிற்றில் முறுக்கிப் பிடித்தது. சாக்பீஸை மேசையில் வைத்தேன். "மீதியைப் புத்தகத்தைப் பார்த்து நோட்டில் வரையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வரும்போது மணி அடித்துவிட்டது. அந்த மாதத்தில் அது நான்காவது முறை. நான் எழுந்து போனதைவிட, நான் திரும்பி வந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. செரிமானத்தைப் பற்றி எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் சொந்த வயிற்றைப் புரிந்துகொள்ள மூன்று ஆண்டுகள் ஆயின. நம் பணியில் இருப்பவர்கள் இதை வெளியில் சொல்வதில்லை. ஆசிரியர் அறையில் முதுகுவலியைப் பற்றிப் பேசுவோம், சர்க்கரையைப் பற்றிப் பேசுவோம், வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசமாட்டோம். நான் வாய் திறந்த பிறகுதான், என் பள்ளியிலேயே இன்னும் இரண்டு பேர் தேர்வறைக் கண்காணிப்புப் பணிக்கு முதல்நாள் இரவு சாப்பிடாமல் வருகிறார்கள் என்று தெரிந்தது. ஆகவே எழுதுகிறேன்.

தொடங்கியது எப்படி?

2019-இல் ஒரு உறவினர் திருமணத்துக்குப் போய் வந்த பிறகு வாந்தியும் பேதியுமாக நான்கு நாள் படுத்தேன். காய்ச்சல் விட்டது, பேதி நின்றது. ஆனால் வயிறு பழைய வயிறாக இல்லை. காலையில் இரண்டு மூன்று முறை போக வேண்டும். போன பிறகும் இன்னும் மீதம் இருப்பது போன்ற உணர்வு. மதியம் வயிறு உப்பிக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாளாவது முறுக்கி வலிக்கும், மலம் கழித்ததும் வலி அடங்கும். சில வாரம் இதற்கு நேர்மாறாக மூன்று நாள் மலச்சிக்கல்.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து பாடம் எடுத்தபோது இது பாதியாகக் குறைந்திருந்தது. 2021 செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பழையபடி ஆகிவிட்டது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். வீட்டில் இருந்தபோது எட்டரைக்கு உட்கார்ந்து சாப்பிட்டேன், கழிப்பறை பத்தடி தூரத்தில் இருந்தது. பள்ளி திறந்ததும் ஏழு மணிப் பேருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், காலையில் வெறும் டீ, பள்ளிக்குப் போனதும் இரண்டு பிஸ்கட், பதினொரு மணிக்கு இன்னொரு டீ. நானோ உணவில்தான் ஏதோ விஷம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தேடலில் நான் செய்த தவறுகளைச் சொல்லியாக வேண்டும். வாயு என்றதும் என் மாமியார் தினமும் இரவு பூண்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தார். அன்போடு கொடுத்ததை மறுக்க முடியுமா? ஒரு டம்ளர் பாலில் எட்டுப் பல் பூண்டு. மறுநாள் வயிறு மத்தளமாக இருக்கும். "வாயு வெளியே வருது, அதான் அப்படி" என்பார். அரிசி கெடுதல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரவில் சப்பாத்திக்கு மாறினேன். நார்ச்சத்து வேண்டும் என்று கோதுமைத் தவிடு கலந்த பிஸ்கட் வாங்கினேன். மாலையில் எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதிலாகக் கொண்டைக்கடலைச் சுண்டல். பொதுவாகப் பார்த்தால் எல்லாமே நல்ல உணவுகள்தான். என் வயிற்றுக்கு அவை ஒவ்வொன்றும் பொருந்தாதவை என்று பிறகு தெரிந்தது.

இன்னொரு தவறுக்குப் பணமும் செலவானது. ஒரு பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் எடுத்து, எந்தெந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று ஒரே அறிக்கையில் சொல்வதாக விளம்பரம் பார்த்தேன். ஆறாயிரம் ரூபாய். இருபத்து மூன்று உணவுகளைச் சிவப்பு நிறத்தில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். முட்டை, நிலக்கடலை, அரிசிகூட அதில் இருந்தன. இரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளந்து சொல்லும் சோதனை அது. ஓர் உணவை நாம் அடிக்கடி சாப்பிட்டிருந்தாலே அந்த எதிர்ப்பொருள் இருக்கும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்புகள் சொல்கின்றன. எனக்கு அது அப்போது தெரியாது.

மருத்துவர் கேட்டவை

கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரைப்பை குடல் மருத்துவரைப் பார்த்தேன். அவர் முதலில் வேறு கேள்விகளைக் கேட்டார். மலத்தில் இரத்தம் உண்டா? முயற்சி செய்யாமல் எடை குறைந்ததா? தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலியோ பேதியோ உண்டா? காய்ச்சல் வருகிறதா? இரத்தசோகை உண்டா? குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும், ஐம்பது வயதுக்கு மேல் இத்தொல்லை புதிதாகத் தொடங்கினாலும், உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே முழுப் பரிசோதனை வேண்டும் என்றார். இந்தக் கட்டுரையில் வேறெதையும் நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டாலும் இந்தப் பத்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது எல்லாவற்றுக்கும் 'இல்லை'. இரத்த அணுக்கள், தைராய்டு, மலப் பரிசோதனை ஆகியவற்றோடு சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் எழுதினார். சீலியாக் என்பது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் வேறொரு நோய். கோதுமையை முன்கூட்டியே நிறுத்திவிட்டால் அந்தப் பரிசோதனை தவறாக 'இல்லை' என்று காட்டிவிடலாம். அதனால், "டீச்சர், இரத்தம் கொடுக்கிற வரைக்கும் சப்பாத்தியை நிறுத்தாதீங்க" என்றார். எல்லா முடிவுகளும் சரியாக இருந்தன. 'ஐ.பி.எஸ்.' என்று சீட்டில் எழுதினார். தமிழில் குடல் எரிச்சல் நோய்க்குறி என்கிறோம். பெயரில் எரிச்சல் இருந்தாலும் குடலில் புண்ணோ அழற்சியோ இருக்காது.

இதை அடையாளம் காண உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் வரையறைக்கு 'ரோம்' வரையறை என்று பெயர். 2016-இல் வெளியான அதன் நான்காம் பதிப்பின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு இருத்தல், போகும் தடவைகளின் எண்ணிக்கை மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்குப் பேதி மிகுதி, சிலருக்கு மலச்சிக்கல் மிகுதி, என்னைப் போன்றவர்களுக்கு இரண்டும் மாறி மாறி. என் திருமண விருந்துக் கதையைக் கேட்டதும் அவர் தலையசைத்தார். குடல் தொற்று வந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, தொற்று நீங்கிய பிறகும் இந்தத் தொல்லை தங்கிவிடுகிறதாம்.

புண் இல்லையென்றால் வலி ஏன்?

இதுதான் எனக்கும் புரியாமல் இருந்தது. உடன் பணிபுரியும் ஒருவர், "எல்லா டெஸ்ட்டும் நார்மல்னா மனசுலதான் பிரச்சினை" என்றே சொல்லிவிட்டார். அது உண்மையில்லை. 1973-இல் பிரிட்டனில் ஒரு மருத்துவர், குடலுக்குள் சிறிய பலூனை வைத்துக் காற்றை ஏற்றிப் பார்த்தார். மற்றவர்களுக்கு வலிக்காத அளவு விரிந்தபோதே இந்நோய் உள்ளவர்களில் பலருக்கு வலித்தது. குடல் சுவரின் நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டன. அதே அளவு வாயு அடுத்தவருக்கு ஒன்றும் செய்யாது, நமக்கு வலியாகும்.

குடல் சுவரில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் உள்ளன. அவை மூளையோடு இருவழியிலும் பேசிக்கொண்டே இருக்கின்றன. ஆய்வு அலுவலர் வருகிறார் என்றதும் வயிறு கலங்குவது இந்த வழியாகத்தான். நடிப்போ கற்பனையோ அல்ல. காலையில் முதல் வாய் உணவோ டீயோ இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் சுருங்கி அசையத் தொடங்குவது எல்லோருக்கும் உள்ள இயல்பான அனிச்சை. நமக்கு அது கொஞ்சம் பலமாக நடக்கிறது. ஏழு மணிக்குப் பேருந்தில் ஏறி, ஒன்பதரைக்குப் பள்ளியில் டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டால் அது இரண்டாம் பாடவேளையில் வந்து நிற்காமல் எங்கே போகும்?

சமையலறையில் ஒளிந்திருப்பவை

உணவுப் பக்கம் வருவோம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் 'ஃபாட்மேப்' என்ற பெயரை உருவாக்கினார்கள். நொதிக்கும் தன்மையுள்ள ஒலிகோசாக்கரைடு, டைசாக்கரைடு, மோனோசாக்கரைடு, பாலியால் என்ற சிறு சர்க்கரைகளின் கூட்டுப்பெயர் அது. இவை சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. சில, ஆஸ்மாசிஸ் முறையில் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கின்றன. மற்றவை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதிக்கப்பட்டு வாயுவாகின்றன. நல்ல வயிறு உள்ளவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. அவர்கள் குடல் அதைப் பொருட்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

2014-இல் வெளியான அவர்களுடைய ஓர் ஆய்வில் இந்நோயுள்ள 30 பேருக்கு வழக்கமான ஆஸ்திரேலிய உணவையும், இந்தச் சர்க்கரைகள் குறைந்த உணவையும் மாற்றி மாற்றிச் சமைத்துக் கொடுத்தார்கள். நூறு மில்லிமீட்டர் அளவுகோலில் தொல்லையின் அளவு சுமார் 45-இலிருந்து 23-ஆகக் குறைந்தது. பாதி. முழுக்கப் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் வீட்டுப் பொருள்களில் இவை எங்கே இருக்கின்றன? வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃப்ரக்டான். கொண்டைக்கடலை, ராஜ்மா, பருப்பு வகைகளில் கேலக்டோ-ஒலிகோசாக்கரைடு. பாலில் லாக்டோஸ். வயது வந்தோரில் உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. ஆகவே பால் ஒத்துக்கொள்ளாதது பெரிய வியாதி அல்ல. மாம்பழத்திலும் தேனிலும் மிகையான ஃப்ரக்டோஸ். காலிஃபிளவரிலும் காளானிலும் மானிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் சார்பிட்டால். என் மாமியாரின் பூண்டுப் பால் நினைவுக்கு வருகிறதா? ஃப்ரக்டானும் லாக்டோஸும் ஒரே டம்ளரில்.

அரிசி, முட்டை, மீன், கோழி, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், வெள்ளரி, இஞ்சி, நிலக்கடலை ஆகியவற்றில் இச்சர்க்கரைகள் குறைவு. அதாவது நான் பயந்து ஒதுக்கிய அரிசிதான் எனக்கு மிகவும் ஏற்ற தானியம். இட்லியும் தோசையும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. உளுந்தை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது கொஞ்சம் சர்க்கரை போய்விடுகிறது, மாவு புளிக்கும்போது நுண்ணுயிரிகள் இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடுகின்றன. கொண்டைக்கடலையை இரவு முழுதும் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்துவிடுவது நம் பாட்டிகள் செய்ததுதான். குக்கர் வந்த பிறகு அவசரத்தில் விட்டுவிட்டோம். தயிரிலும் பாலைவிட லாக்டோஸ் குறைவு, நன்கு புளித்த மோரில் இன்னும் குறைவு.

எனக்கு மிகவும் உதவிய ஒரு வேதியியல் உண்மையைச் சொல்கிறேன். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சாம்பாரிலும் ரசத்திலும் போட்ட பூண்டையும் வெங்காயத்தையும் தட்டில் ஒதுக்கி வைத்துப் பயனில்லை, அதன் சர்க்கரை குழம்பில் இறங்கிவிட்டது. ஆனால் காய்ந்த எண்ணெயில் பூண்டுப் பல்லைப் போட்டுச் சிவந்ததும் எடுத்து வெளியே போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் இருக்கும். வெங்காயத்துக்குப் பதிலாக வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் பயன்படுத்தினேன். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். ஒரு சிட்டிகையில் அது எவ்வளவு இருந்துவிடும்? அதற்கும் பயந்து இரண்டு மாதம் பெருங்காயமே இல்லாமல் ரசம் வைத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

நான் எல்லை மீறியது

இந்த முறை மூன்று படிகளைக் கொண்டது. முதல் படியில், நான்கு முதல் ஆறு வாரம் வரை மட்டும் இச்சர்க்கரைகள் மிகுந்த உணவுகளைக் குறைப்பது. இரண்டாம் படியில், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. மூன்றாம் படி, ஒத்துக்கொண்டவற்றையெல்லாம் மீட்டுக்கொண்டு வாழ்வது. மருத்துவர் உணவியல் நிபுணரிடம் அனுப்பி இதை எழுதியே கொடுத்திருந்தார். முதல் படியின் மூன்றாம் வாரத்திலேயே எனக்குப் பாதி வலி போய்விட்டது. அந்த மகிழ்ச்சியில் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஐந்து மாதம். பருப்பு இல்லை, பால் இல்லை, வெங்காயம் இல்லை. பழத்தில் எது ஒத்துக்கொள்ளும் என்ற குழப்பத்தில் பழமே இல்லை. விசேஷ வீடுகளில் வெறும் சோறும் மோரும். என் கணவர் ஒரு நாள், "நீ சாப்பாட்டைப் பார்த்தாலே பயப்படுற" என்றார். புடவையில் ஊக்கு குத்தும் இடம் மாறியது. ஆறு கிலோ குறைந்திருந்தேன். ஹீமோகுளோபின் 9.2.

மறு பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் கோபித்துக்கொண்டார். கோபம் நியாயமானது. எடை குறைவும் இரத்தசோகையும் அவர் முதல்நாள் கேட்ட ஆபத்து அறிகுறிகள். நான் பட்டினி கிடந்ததால்தான் இவை வந்தன என்று என் பேச்சை மட்டும் நம்பி அவர் விட்டுவிட முடியாது. குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்யவேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய இரவு மருந்து கலந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே என் மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அந்த மூன்று நாள் பயம் நானே வரவழைத்துக்கொண்டது. நீண்ட நாள் இந்த உணவுமுறையிலேயே இருந்தால் குடலுக்கு நன்மை செய்யும் பிஃபிடோ பாக்டீரியாக்களும் குறைகின்றன. நாம் ஒதுக்கும் சர்க்கரைகள்தான் அவற்றின் உணவு.

ஒரு நேரத்தில் ஒரு மாறி

இரண்டாம் படியை அதன் பிறகுதான் ஒழுங்காகச் செய்தேன். நம் ஆய்வக விதிதான்: மற்றவை மாறாதிருக்க, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறி. நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, நேரம், சாப்பிட்டது, அளவு, வலி பத்துக்கு எத்தனை, எத்தனை முறை போனேன், அன்று பள்ளியில் என்ன நடந்தது என்று எழுதினேன். ஓர் உணவை மூன்று நாள் சோதிக்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் அதைவிடச் சற்று அதிகம், மூன்றாம் நாள் வழக்கமான அளவு. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. வலித்தால் அங்கேயே நிறுத்தலாம்.

பாலில் தொடங்கினேன். அரை டம்ளர் ஒன்றும் செய்யவில்லை, முழு டம்ளர் மாலைக்குள் உப்பியது. ஆகவே ஒரு டீயில் உள்ள பாலுக்குப் பயமில்லை. தயிர் எவ்வளவு சாப்பிட்டாலும் சிக்கலில்லை. சப்பாத்தி ஒன்று சரி, மூன்று கூடாது. துவரம்பருப்பைத் தண்ணீராகக் கரைத்த சாம்பார் ஒத்துக்கொண்டது, கெட்டியான பருப்புக் கடைசலைத் தாங்கவில்லை. பாசிப்பருப்பு கொஞ்சம் பரவாயில்லை. சின்ன வெங்காயம் குழம்பில் இரண்டு மூன்று இருந்தால் தெரியவில்லை, வெங்காயச் சட்னி அன்றிரவே தெரிந்தது. பூண்டு எந்த அளவிலும் ஆகவில்லை. மாம்பழம் இரண்டு கீற்று. காலிஃபிளவரை மறந்துவிட்டேன். இது என் பட்டியல், உங்களுடையது வேறாக இருக்கும். என்னைப் போலவே தொல்லை உள்ள தமிழாசிரியருக்குப் பூண்டு ஒன்றும் செய்வதில்லை, பால் ஒரு மடக்குகூட ஆகாது.

நோட்டின் கடைசிப் பத்தி எனக்கு வேறொன்றையும் காட்டியது. ஒரே இட்லி, ஒரே சட்னி சாப்பிட்ட இரண்டு திங்கட்கிழமைகளில் ஒன்றில் வலி இரண்டு, மற்றதில் ஏழு. ஏழு என்று எழுதிய அன்று ஆண்டாய்வு. பச்சைமிளகாய் அதிகமான நாள்களிலும், மாதவிலக்குக்கு முந்தைய நாள்களிலும், நான்கு மணி நேரம்கூடத் தூங்காத மறுநாளிலும் எண் ஏறியிருந்தது. எல்லாப் பழியையும் வெங்காயத்தின் மேல் போட முடியாது.

இவ்வளவு கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. 2015-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில் 75 பேரில் ஒரு பகுதியினருக்கு இந்த முறையையும், மற்றவர்களுக்குப் பழைய எளிய அறிவுரையையும் கொடுத்தார்கள். நேரத்துக்குச் சாப்பிடுதல், சிறிது சிறிதாகச் சாப்பிடுதல், நன்றாக மெல்லுதல், எண்ணெயையும் காபியையும் வாயு உண்டாக்கும் காய்களையும் குறைத்தல் ஆகியவைதான் அந்த அறிவுரை. இரு பகுதியிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பயன் கிடைத்தது, பெரிய வேறுபாடில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதலும் டீ, காபியை நாளைக்கு மூன்று கோப்பைக்குள் வைக்கவும், வேளை உணவைத் தவிர்க்காமல் இருக்கவும்தான் முதலில் சொல்கிறது. நான் இதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

நார்ச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெதர்லாந்தில் 275 பேரிடம் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு இசப்கோல் உமி, ஒரு பிரிவினருக்குக் கோதுமைத் தவிடு, மூன்றாம் பிரிவினருக்கு மருந்தில்லா மருந்தாக அரிசி மாவு தினமும் பத்து கிராம் கொடுத்தார்கள். இசப்கோல் உதவியது. தவிடு கொடுத்தவர்களில் பலர், வயிறு மோசமாகிறது என்று பாதியில் நின்றுவிட்டார்கள். தண்ணீரில் கரைந்து கூழாகும் நார் வேறு, கரையாத சக்கை வேறு. நான் இரவில் ஒரு தேக்கரண்டி இசப்கோலை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட்டு, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறேன். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் ஆசிரியைகளிடம் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று காலை முதல் மாலை வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் அப்படித்தான் இருந்தேன். என் நோயைத் தலைமையாசிரியரிடம் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் கடத்தினேன். சொன்னபோது அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கால அட்டவணையில் என் இரண்டாம் பாடவேளையை ஓய்வாக மாற்றிக் கொடுத்தார். இப்போது ஆறரைக்கு மூன்று இட்லியோ, இரவே மோர் ஊற்றி வைத்த பழைய சோறோ சாப்பிட்டுவிட்டு, வயிறு தன் வேலையை வீட்டிலேயே முடிக்க இருபது நிமிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன். அதற்காக ஐந்து மணிக்கு எழ வேண்டியிருக்கிறது. பத்து மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை. டீ இரண்டு. தொல்லை முழுக்கப் போகவில்லை. மாதத்தில் இரண்டு மூன்று நாள் வருகிறது. எடை திரும்பிவிட்டது.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். தினமும் காலையில் "டீச்சர், வெளியே போகணும்" என்று நிற்பான். "இப்பதானேடா பிரேயர் முடிஞ்சு வந்தே?" என்று எத்தனையோ நாள் உட்காரவைத்திருக்கிறேன். என் நோட்டை எழுதத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அடிவயிறு வலிக்கிறது, காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை என்றான். எனக்கு வந்ததுதான் இவனுக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். பாலை நிறுத்தச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளையாகச் சொல்லவில்லை. வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து ஓர் உணவை எடுக்க நமக்கு உரிமை இல்லை. அவன் அம்மாவை வரச்சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். அங்கே பார்த்ததில் அது வேறு. வீட்டில் கழிப்பறை இல்லை, வெளியில் போக வெட்கப்பட்டு நாள் கணக்கில் அடக்கிக்கொண்டிருக்கிறான். நாள்பட்ட மலச்சிக்கல். பள்ளியில் போகலாம் என்றால் நான் விடவில்லை.

மருந்து கொடுத்தார்கள், தினமும் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் உட்காரப் பழக்கச் சொன்னார்கள். பிரேயருக்கு முன்பே பள்ளிக்கு வந்து கழிப்பறைக்குப் போய்வர அவனுக்கு ஏற்பாடு செய்தோம். பாடவேளையில் அவசரம் என்றால் கேட்க வேண்டியதில்லை, நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். முதல் மாதம் வாரத்துக்கு மூன்று நாள் நோட்டு மேசைக்கு வந்தது. இந்தப் பருவத்தில் இதுவரை இரண்டு முறை.